எந்தச் சாவு உலகச் செய்தியாகிறது?

பெர்லின் நகரின் நடுவே பிராண்டன்பர்க் வாயில் என்று ஒரு பழைய நினைவுச்சின்னம் இருக்கிறது. வெளிநாட்டில் எங்காவது பயங்கரவாதத் தாக்குதல் நடந்தால், அந்த நாட்டுக் கொடியின் நிறங்களில் இரவில் அதன்மேல் ஒளி பாய்ச்சுவார்கள். உங்கள் துக்கத்தில் நாங்களும் இருக்கிறோம் என்று சொல்வதற்கு அவர்கள் வைத்திருந்த வழி அது. 2015 நவம்பரில் பாரிஸுக்காக ஒளிர்ந்தது. 2016 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸுக்காக. 2017 மார்ச்சில் லண்டனுக்காக. லண்டன் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 3ஆம் தேதி ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மெட்ரோவில் குண்டு வெடித்து 15 பேர் இறந்தார்கள். அன்றிரவு ரஷ்யக் கொடியின் நிறங்கள் வரவில்லை.

ஏன் என்று கேட்டவர்களுக்கு நகர நிர்வாகம் ஒரு பதில் சொன்னது: பெர்லினோடு நட்பு நகர ஒப்பந்தம் உள்ள ஊர்களுக்கு மட்டும்தான் இப்படிச் செய்வது வழக்கம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அந்தப் பட்டியலில் இல்லை. சரி, அப்படியானால் அமெரிக்காவின் ஆர்லாண்டோ? ஜெருசலேம்? அவையும் பட்டியலில் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு ஊர்களுக்காகவும் வாயில் ஒளிர்ந்திருந்தது. அவை விதிவிலக்குகளாம்.

ரஷ்யர்களின் சாவு நமக்கு வேண்டாம் என்று யாரோ உட்கார்ந்து முடிவெடுத்ததாக நான் நினைக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. மனசுக்கு நெருக்கமானவர்களுக்காக அந்த விதி அவ்வப்போது வளைந்தது. அவ்வளவுதான் நடந்தது. இந்தக் கட்டுரை விளக்கப்போகும் விஷயம் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது. அதில் வில்லன்கள் குறைவு.

விஷயத்தை நேராகச் சொன்னால் இதுதான்: பயங்கரவாதத்துக்குப் பலியானவர் எந்த நாட்டில் இறந்தார், எந்த நாட்டுக்காரர் என்பதைப் பொறுத்து, அவருக்கு உலகம் தரும் கவனம் பல மடங்கு கூடுகிறது அல்லது குறைகிறது. கவனம் என்று இங்கே சொல்வது செய்தித்தாளில் கிடைக்கும் இடத்தை மட்டும் இல்லை. தலைவர்களின் இரங்கல், மக்கள் மாற்றிக்கொள்ளும் புரொஃபைல் படம், இறந்தவரின் பெயர் பதிவாகிறதா, குடும்பத்துக்கு இழப்பீடு வருகிறதா, குற்றவாளியைத் தேடுகிறார்களா என்பதெல்லாம் இதில் அடங்கும். ஒன்று கிடைத்தால் அடுத்தது கிடைக்க வழி பிறக்கிறது. முதலாவது கிடைக்காவிட்டால் கடைசி வரை பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை.

பயங்கரவாதம் என்ற சொல்லுக்கே எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட வரையறை இன்றுவரை ஐக்கிய நாடுகள் சபையில் இல்லை. அந்தச் சண்டைக்குள் போகாமல், அரசு அல்லாத குழுக்களோ தனி ஆட்களோ அரசியல் அல்லது மத நோக்கத்தோடு பொதுமக்களைத் தாக்குவது என்ற பொதுவான பொருளிலேயே இங்கே பேசுகிறேன்.

சாவின் வரைபடமும் செய்தியின் வரைபடமும்

சிட்னியில் உள்ள பொருளாதார மற்றும் அமைதி நிறுவனம் ஆண்டுதோறும் உலகப் பயங்கரவாதக் குறியீடு என்று ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அதன்படி 2014இல் உலகம் முழுவதும் 32,000க்கும் மேற்பட்டவர்கள் பயங்கரவாதத்துக்குப் பலியானார்கள். அதில் 78 சதவீதம் ஈராக், நைஜீரியா, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், சிரியா ஆகிய ஐந்தே நாடுகளில். பிறகு அந்தக் களம் நகர்ந்தது. 2023ஆம் ஆண்டுக் கணக்கில் முதலிடத்துக்கு வந்தது மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோ. உலகில் பயங்கரவாதத்தால் இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்த ஒரு நாட்டில் இறந்தார்.

புர்கினா பாசோவை வரைபடத்தில் உடனே விரல் வைத்துக் காட்டக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கும்வரை என்னாலும் முடிந்திருக்காது. 2024 ஆகஸ்ட் 24 அன்று அங்கே பர்சலோகோ என்ற ஊரில், தங்கள் ஊரைத் தாக்குதலிலிருந்து காப்பாற்ற அகழி வெட்டிக்கொண்டிருந்த மக்களை ஆயுதக் குழுவினர் சுட்டுத் தள்ளினார்கள். வெட்டிய பள்ளத்திலேயே விழுந்து இறந்தவர்கள் உண்டு. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. எத்தனை நூறு என்பதில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய பயங்கரவாதப் படுகொலைகளில் ஒன்று அது. ஆனால் எந்த நகரத்திலும் எந்தக் கோபுரமும் அன்றிரவு நிறம் மாறியதாகச் செய்தி இல்லை.

செய்திக்கு ஒரு சல்லடை

ஏன் இப்படி என்ற கேள்விக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. 1965இல் நார்வே ஆய்வாளர்கள் யொஹான் கால்டுங், மாரி ஹோல்ம்போ ரூகே இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். காங்கோ, கியூபா, சைப்ரஸ் ஆகிய நாடுகளில் எழுந்த நெருக்கடிகளைப் பற்றி நான்கு நார்வே பத்திரிகைகள் எப்படி எழுதின என்று பார்த்து, ஒரு நிகழ்வு வெளிநாட்டுச் செய்தியாக மாறுவதற்கு என்னென்ன தேவை என்று பன்னிரண்டு காரணிகளைச் சொன்னார்கள். ஊடகப் படிப்பில் இன்றும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

பன்னிரண்டும் நமக்கு வேண்டாம். மூன்று போதும். ஒன்று, பண்பாட்டு நெருக்கம்: வாசகர் தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க முடிகிறதா? கச்சேரிக்குப் போவது, காபி குடிக்க உட்காருவது, விமான நிலையத்தில் வரிசையில் நிற்பது எல்லாம் அவருக்குத் தெரிந்த காட்சிகள். அகழி வெட்டுவது தெரியாத காட்சி. இரண்டு, வலிமையான நாடு: உலக அரசியலில் எடையுள்ள நாட்டில் நடப்பது எல்லோரையும் பாதிக்கும் என்ற கணக்கு. மூன்று, எதிர்பாராமை.

இந்த மூன்றாவதில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். வழக்கமாக நடப்பது செய்தி இல்லை, வழக்கத்துக்கு மாறானதே செய்தி என்பது பத்திரிகைத் தொழிலின் அரிச்சுவடி. அதை அப்படியே பயங்கரவாதத்துக்குப் பொருத்தினால் என்ன ஆகும்? அமைதியான ஊரில் வெடித்த முதல் குண்டு தலைப்புச் செய்தி. ஏற்கெனவே ஐம்பது குண்டு வெடித்த ஊரில் ஐம்பத்தோராவது குண்டு உள்பக்கத்தில் ஒரு பத்தி. அதாவது யார் அதிகம் அடிவாங்குகிறார்களோ, அவர்கள் அடுத்த அடிக்கான கவனத்தை அதனாலேயே இழக்கிறார்கள். இதைச் செய்யும் ஆசிரியர் எந்த வெறுப்போடும் செய்யவில்லை. தொழில் கற்றுக்கொடுத்ததைச் செய்கிறார். ஆனால் விளைவு என்னமோ, சில நாட்டுச் சாவு இயல்பு, சில நாட்டுச் சாவு அதிர்ச்சி என்று வாசகர் மனதில் படிந்துவிடுகிறது.

பாக்தாத்தின் கர்ராதா பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஜூலை 3, ரம்ஜான் மாதம். பெருநாளுக்குத் துணிமணி வாங்க இரவில் குடும்பம் குடும்பமாகக் கடைவீதிக்கு வந்திருந்தார்கள். லாரிக் குண்டு வெடித்துத் தீப்பிடித்ததில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் வெளியே வர வழியில்லாத கடை வளாகத்துக்குள் எரிந்து போனார்கள். அந்தத் தாக்குதலுக்கு முன்பு பாக்தாத்தின் சோதனைச் சாவடிகளில் காவலர்கள் கையில் ஒரு கருவி இருந்தது: ஒரு பிடி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி. வண்டியில் வெடிமருந்து இருந்தால் கம்பி அந்தப் பக்கம் திரும்புமாம். உள்ளே ஒன்றுமே கிடையாது. காணாமல் போன கோல்ஃப் பந்தைத் தேடித்தரும் என்று விற்ற விளையாட்டுச் சாமானிலிருந்து உருவான மோசடி அது. அதை விற்ற பிரிட்டிஷ் வியாபாரிக்கு 2013லேயே லண்டன் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத் தண்டனை கொடுத்துவிட்டது. ஆனால் ஈராக்கில் கருவி தொடர்ந்து பயன்பாட்டில் இருந்தது. கர்ராதாவுக்குப் பிறகுதான் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமர் உத்தரவிட்டார். தீர்ப்புக்கும் உத்தரவுக்கும் நடுவே மூன்று ஆண்டுகள். பாக்தாத்தில் நடந்ததை ஒரு பெரிய ஐரோப்பிய நகரத்தில் நடந்ததாக வைத்துப் பாருங்கள். மூன்று நாள்கூட அந்தக் கம்பி சாவடியில் நீடித்திருக்காது.

கேமரா எங்கே இருக்கிறது?

நெருக்கம், எதிர்பாராமை எல்லாம் மனம் சார்ந்த காரணங்கள். இன்னொன்று இருக்கிறது, அது வெறும் தொலைபேசிக் கம்பியும் செல்போன் கோபுரமும் சார்ந்தது. 2015 ஜனவரி முதல் வாரம் அதற்கு நல்ல பாடம்.

ஜனவரி 7 முதல் 9 வரை பாரிஸில் சார்லி ஹெப்டோ இதழின் அலுவலகம், யூதர்களின் பலசரக்குக் கடை உட்பட நடந்த தாக்குதல்களில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். 11ஆம் தேதி நாற்பதுக்கும் மேற்பட்ட நாட்டுத் தலைவர்கள் கைகோத்துப் பாரிஸ் தெருவில் நடந்தார்கள். அதே வாரம், ஜனவரி 3ஆம் தேதி தொடங்கி, நைஜீரியாவின் சாட் ஏரிக் கரையில் உள்ள பாகா என்ற ஊரை போக்கோ ஹராம் என்ற ஆயுதக் குழு அழித்துக்கொண்டிருந்தது. எத்தனை பேர் இறந்தார்கள்? 150 என்றது அரசு. 2,000 வரை இருக்கலாம் என்றார்கள் அந்தப் பகுதியினர். 150க்கும் 2,000க்கும் இடையே உள்ள தூரத்தைக் கவனியுங்கள். பாரிஸில் 16ஆ 17ஆ என்று கூட யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

பாரிஸில் சம்பவ இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உலகச் செய்தி முகமைகளின் அலுவலகங்கள். மேல்மாடிச் சன்னலிலிருந்து படம் எடுத்தவர்கள் உண்டு. பாகாவிலோ தப்பி ஓடியவர்கள் புதரிலும் ஏரித் தீவுகளிலும் ஒளிந்திருந்தார்கள். பகுதியில் செல்போன் தொடர்பு சரியாக இல்லை. எந்தச் செய்தியாளரும் அங்கே போய்ச் சேர முடியாது. கடைசியில் ஊருக்கு என்ன ஆனது என்று காட்டியது விண்ணிலிருந்து எடுத்த படங்கள்தான். ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு ஜனவரி 2ஆம் தேதிப் படத்தையும் 7ஆம் தேதிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டது. பாகாவிலும் அடுத்துள்ள டோரோன் பாகாவிலும் 3,700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமாகியோ முற்றிலும் அழிந்தோ போயிருந்தன. அந்த இரண்டாவது படம் எடுக்கப்பட்ட தேதியைப் பாருங்கள்: சார்லி ஹெப்டோ தாக்குதல் நடந்த அதே நாள்.

செயற்கைக்கோள் படத்தில் கூரை தெரியும், சாம்பல் தெரியும். முகம் தெரியாது. அழும் மனிதர் ஒருவரைக் காட்டாமல் உலகத்தை அழவைக்க முடிவதில்லை.

எல்லாப் பழியையும் வெளிநாட்டு ஊடகங்கள் மேல் போட்டுவிட்டுப் போகவும் முடியாது. அன்றைய நைஜீரிய அதிபர் குட்லக் ஜோனதன் பாரிஸ் தாக்குதலைக் கண்டித்து உடனே அறிக்கை விட்டார். பாகா பற்றிப் பல நாள் வாயே திறக்கவில்லை. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, பாதுகாப்பில் தோற்றதைப் பற்றிப் பேச எந்த ஆட்சியாளருக்கும் ஆசை இருக்காது. சொந்த அரசே மறைக்க நினைக்கும் சாவு உலகச் செய்தியாவது ரொம்பக் கடினம்.

உறைந்து நிற்கும் எண்

சோமாலியாவின் மொகதிஷுவில் 2017 அக்டோபர் 14 பிற்பகல் ஸூபே சந்திப்பில் ஒரு லாரிக் குண்டு வெடித்தது. பக்கத்தில் எரிபொருள் லாரி ஒன்று இருந்ததால் தீ பல மடங்கானது. உலகச் செய்திகளில் மறுநாள் வந்த எண்ணிக்கை நூறு, இருநூறு என்று ஏறி, ஒரு வாரத்துக்குள் 350ஐத் தாண்டியது. அதோடு உலகம் அடுத்த செய்திக்குப் போய்விட்டது. மொகதிஷுவில் எண்ணுவது நிற்கவில்லை. இடிபாடுகளில் தேடினார்கள், மருத்துவமனைகளில் கேட்டார்கள், வீட்டுக்குத் திரும்பாதவர்களின் பெயரைக் குடும்பங்களிடம் வாங்கினார்கள். அடையாளம் தெரியாத அளவுக்குக் கருகியிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை அரசே அடக்கம் செய்தது. இதற்கென அமைந்த குழு 2018 மார்ச்சில் கொடுத்த இறுதி எண்ணிக்கை 587.

இதற்கு ஈடான எண்ணிக்கையை ஒரே குண்டுவெடிப்பில் கண்ட நகரங்கள் உலகில் மிகக் குறைவு. ஆனால் இன்றும் பலரிடம் கேட்டால், முன்னூறு பேரோ என்னவோ இறந்தார்களே என்பார்கள். கவனம் போன நேரத்தில் எந்த எண் திரையில் இருந்ததோ, அதுவே மனதில் தங்கிவிட்டது. மீதிப் பேர் பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்கள். அவர்கள் செய்திக்குத் தாமதமாக வந்துவிட்டார்கள்.

எதிர்முனையில் நியூயார்க்கை வைத்துப் பாருங்கள். 2001 செப்டம்பர் 11இல் இறந்த 2,977 பேரின் பெயர்களும், இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடத்தில் உள்ள இரு நீர்த்தொட்டிகளைச் சுற்றி வெண்கலத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அகர வரிசையில் இல்லை. யார் பக்கத்தில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று குடும்பங்களைக் கேட்டார்கள். ஒன்றாக வேலை பார்த்தவர்கள், நண்பர்கள், உறவினர்கள் அருகருகே இருக்கிறார்கள். இறந்தவரின் பிறந்தநாள் அன்று அவர் பெயரில் ஒரு வெள்ளை ரோஜா செருகப்படுகிறது. இது எவ்வளவு நல்ல காரியம்! இதைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஸூபே சந்திப்பில் கருகியவர்களில் பலருக்குப் பெயரே இல்லாமல் போனதுதான் உறுத்துகிறது.

பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு உளவியலில் ஒரு பரிசோதனை இருக்கிறது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்டது. விஷயம் பசி பற்றியது, பயங்கரவாதம் இல்லை. ஆனால் இங்கேயும் பொருந்தும். ஒரு கருத்துக்கணிப்புக்குப் பதில் சொன்னவர்களுக்குக் கையில் ஐந்து டாலர் கொடுத்து, அதிலிருந்து விருப்பமான தொகையை நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். ஒரு பிரிவினருக்கு மாலி நாட்டுச் சிறுமி ரோக்கியாவின் படமும் கதையும். இன்னொரு பிரிவினருக்கு லட்சக்கணக்கானோர் பட்டினி கிடக்கும் புள்ளிவிவரம். ரோக்கியாவைப் பார்த்தவர்கள் சராசரியாக மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு கொடுத்தார்கள். வியப்பு அடுத்ததுதான்: சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது நன்கொடை ஏறவில்லை, இறங்கியது. எண்ணிக்கை இரக்கத்தை வளர்ப்பதற்குப் பதில் மழுங்கடித்தது.

ஆக, பெயரும் முகமும் கிடைத்த நாட்டுக்காரர்களுக்கு இரக்கம். எண்ணாக மட்டும் வந்து சேர்பவர்களுக்குக் கொட்டாவி.

பெய்ரூத், ஒரு நாள் முன்னால்

2015 நவம்பர் 13 பாரிஸ் தாக்குதலில் 130 பேர் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய நாள் மாலை, லெபனானின் பெய்ரூத்தில் புர்ஜ் அல்-பரஜ்னே என்ற நெரிசலான கடைவீதிப் பகுதியில் இரண்டு தற்கொலைக் குண்டுதாரிகள் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். இரண்டு தாக்குதலுக்கும் பொறுப்பேற்றது ஒரே இயக்கம், ஐஎஸ்.

பாரிஸ் நடந்த இரவில், நான் பத்திரமாக இருக்கிறேன் என்று ஒரே தட்டில் நண்பர்களுக்குத் தெரிவிக்கும் வசதியை ஃபேஸ்புக் திறந்துவிட்டது. புரொஃபைல் படத்தின் மேல் பிரெஞ்சுக் கொடியைப் போர்த்திக்கொள்ளவும் வழி செய்தது. பெய்ரூத்துக்கு இரண்டும் இல்லை. லெபனான் மக்கள் கேட்டார்கள்: எங்களுக்கு ஒரு பொத்தான்கூடக் கிடையாதா? அதுவரை இயற்கைப் பேரிடருக்கு மட்டுமே அந்த வசதியைப் பயன்படுத்தினோம், பாரிஸில்தான் முதல்முறையாக மாற்றினோம் என்று நிறுவனம் விளக்கியது. சில நாளில் நைஜீரியாவின் யோலாவில் குண்டு வெடித்தபோது அங்கேயும் திறந்தது. விளக்கம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். முதல்முறை விதியை மாற்றத் தோன்றியது எந்த ஊருக்காக என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெர்லின் வாயில் கதையேதான்.

பொத்தானைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தலைப்பில் இருந்த ஒரு சொல். சில மேற்கத்தியச் செய்திகள் புர்ஜ் அல்-பரஜ்னேவை 'ஹிஸ்புல்லாவின் கோட்டை' என்று அறிமுகப்படுத்தின. அந்தப் பகுதியில் லெபனானின் ஷியா ஆயுத அமைப்பான ஹிஸ்புல்லாவுக்குச் செல்வாக்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கோட்டை என்றதும் வாசகர் மனதில் வருவது மதில், துப்பாக்கி, சிப்பாய். அங்கே இறந்தவர்கள் ரொட்டி வாங்கவும் தொழுகைக்கும் வந்த மனிதர்கள். ஒரே ஓர் அடைமொழியில் அவர்கள் பொதுமக்கள் வரிசையிலிருந்து ஏதோ போர்க்களத்து வரிசைக்குத் தள்ளப்பட்டுவிட்டார்கள்.

நாட்டுக்கு உள்ளேயும்

நாடுகளுக்கு இடையே மட்டும்தான் இந்த வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. மும்பையில் 2006 ஜூலை 11 மாலை, வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில், புறநகர் ரயில்களில் பதினோரு நிமிடத்துக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2008 நவம்பர் 26இல் தொடங்கிய தாக்குதலில் இறந்தவர்கள் 166 பேர். உலகுக்கு நினைவிருப்பது இரண்டாவது. அதிலும் கண்முன் வருவது தாஜ் ஓட்டலின் புகை கக்கும் குவிமாடம். அதே இரவில் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தனியாக நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஓட்டலில் வெளிநாட்டினர் இருந்தார்கள், முற்றுகை நாள்கணக்கில் நீடித்தது, கேமராக்கள் வந்து நிற்க நேரம் இருந்தது.

இலங்கையில் 2019 ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புகளிலும் இப்படித்தான். கொழும்பின் நட்சத்திர ஓட்டல்களும் கொச்சிக்கடை, நீர்கொழும்புத் தேவாலயங்களும் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. தீவின் மறுகரையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் எத்தனை பேர் குழந்தைகள் என்பது அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை.

நைஜீரியாவில் 2014 ஏப்ரலில் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகள் கடத்தப்பட்டார்கள். 'எங்கள் பெண்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்' என்ற ஹேஷ்டேக் நைஜீரியர்கள் ஆரம்பித்தது. பிறகு அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி மிஷல் ஒபாமா வரை போனது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் புனி யாதி என்ற ஊரின் பள்ளி விடுதியில் அதே போக்கோ ஹராம் மாணவர்களைக் கூட்டமாகக் கொன்றிருந்தது. மாணவிகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு பையன்களை மட்டும். அந்த ஆண்டு நவம்பரில் டமாசக் ஊரின் தொடக்கப் பள்ளியில் 300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிடித்துக்கொண்டது. புனி யாதியும் டமாசக்கும் உலகின் காதில் விழவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

யார் கொன்றது என்பதும் கவனத்தை மாற்றுகிறது. ஆய்வாளர் எரின் கியர்ன்ஸ் குழுவினர் 2006 முதல் 2015 வரை அமெரிக்காவுக்குள் நடந்த தாக்குதல்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், செய்தவர் முஸ்லிம் என்றால் மற்ற தாக்குதல்களைவிட 357 சதவீதம் கூடுதல் செய்தி வந்ததாகக் கண்டார்கள். அப்படியானால் வேறு யாராலோ கொல்லப்பட்டவர்களுக்குச் செய்தி அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது என்றும் இதைப் படிக்கலாம்.

கவனம் காசாகும் இடம்

இரங்கலும் விளக்கும் வெறும் அடையாளம்தானே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நைரோபியைப் பார்ப்போம்.

1998 ஆகஸ்ட் 7 அன்று கென்யத் தலைநகர் நைரோபியில் அமெரிக்கத் தூதரகத்தை ஒட்டி அல்-காய்தா குண்டு வைத்தது. 213 பேர் இறந்தார்கள். அதில் 12 பேர் அமெரிக்கர்கள். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கென்யர்கள். ஆயிரக்கணக்கானோர் காயமடைந்தார்கள், முதலில் எழுந்த சிறு வெடிச் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கட்டடங்களின் சன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தவர்கள் முகத்தில் கண்ணாடி பாய்ந்து பார்வை போனது. அல்-காய்தாவுக்கு முன்பு இடம் கொடுத்த சூடான், அமெரிக்க நீதிமன்ற வழக்குகளின் முடிவில் 33.5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. 2021இல் பணம் போய்ச் சேர்ந்தது. யாருக்கு? அமெரிக்கக் குடிமக்களுக்குப் பெரிய தொகை. அதே தூதரகத்தில் அதே மேசைகளில் வேலை பார்த்த வெளிநாட்டு ஊழியர்களுக்கு அதைவிடப் பல மடங்கு குறைவு. தெருவில் போய்க்கொண்டிருந்த கென்யர் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஒரே குண்டு, ஒரே நொடி. பாஸ்போர்ட்டைப் பார்த்து விலை.

பிரான்ஸில் வேறு மாதிரி. 1986 முதலே பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஒரு நிதி இருக்கிறது. வீடு, வண்டி போன்ற சொத்துக் காப்பீடு ஒவ்வொன்றிலிருந்தும் பிடிக்கும் சிறு தொகைதான் அதன் வருமானம். பிரான்ஸ் மண்ணில் தாக்கப்பட்டவர் எந்த நாட்டவராக இருந்தாலும் அதில் கேட்கலாம். நல்ல ஏற்பாடு, ஆனால் ஒரு பணக்கார நாட்டால்தான் இதை நடத்த முடியும். பர்சலோகோவில் அகழி வெட்டப் போனவரின் மனைவி எந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் கதவைத் தட்டுவார்?

ஐக்கிய நாடுகள் சபை தன் பங்குக்கு ஆகஸ்ட் 21ஐ பயங்கரவாதத்துக்குப் பலியானவர்களின் நினைவு நாளாக 2017இல் அறிவித்தது. அந்த நாளில் எல்லா நாட்டுப் பலிகளும் சமம். அந்த நாளுக்குக் கிடைக்கும் கவனம்தான் குறைவு.

குறை சொல்பவர்களின் குறை

இந்தச் சமமின்மையைச் சுட்டுவதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. பாரிஸுக்கு அழுபவரிடம் போய், பெய்ரூத்துக்கு ஏன் அழவில்லை என்று கேட்பது சுலபம். கேட்பவர் பெய்ரூத்துக்கு அழுதிருந்தாரா என்பது வேறு கதை. துக்க வீட்டில் போய்ப் பக்கத்து வீட்டுச் சாவை வைத்து வாயடைப்பது போன்ற வேலை அது. பாரிஸில் மகளைப் பறிகொடுத்தவர் யாருடைய பங்கையும் திருடவில்லை.

இதற்கு ஒரு வேடிக்கையான, கொஞ்சம் வெட்கப்பட வைக்கிற சாட்சியும் உண்டு. கென்யாவின் காரிஸா பல்கலைக்கழகத்தில் 2015 ஏப்ரல் 2 விடியற்காலையில் அல்-ஷபாப் என்ற சோமாலிய ஆயுதக் குழு நுழைந்து மாணவர்களைச் சுட்டது. அப்போது வெளிவந்த பிபிசி செய்தி ஒன்று, ஏழு மாதம் கழித்து, பாரிஸ் தாக்குதல் நடந்த வார இறுதியில் திடீரென்று லட்சக்கணக்கானோரால் பகிரப்பட்டது. இதைப் பற்றி ஊடகங்கள் ஏன் பேசவில்லை என்று கோபத்தோடு பகிர்ந்தார்கள். பலர் அது அன்றைக்கு நடந்தது என்றே நம்பிப் பகிர்ந்தார்கள். ஊடகம் எழுதித்தான் இருந்தது. ஏப்ரலில் அதைத் திறந்து படிக்க இவர்கள் வரவில்லை. சல்லடை ஆசிரியர் மேசையில் மட்டும் இல்லை, நம் கட்டைவிரலிலும் இருக்கிறது.

ஏப்ரலில் கென்யர்கள் செய்தது வேறு. உலகத்தின் கவனத்துக்காகக் காத்திருக்காமல், '147 வெறும் எண் இல்லை' என்று ஒரு ஹேஷ்டேக்கைத் தொடங்கி, இறந்த மாணவர்களின் பெயரையும் படத்தையும் ஒவ்வொன்றாகப் பதிவிட்டார்கள். இவர் எந்த ஊர், என்ன படித்தார், எப்படிச் சிரிப்பார் என்று தெரிந்தவர்கள் எழுதினார்கள். நைரோபியின் உஹுரு பூங்காவில் மெழுகுவத்தியோடு கூடி, இறந்தவர்களுக்காக மரச்சிலுவைகளை நட்டு வைத்தார்கள். 147 என்பது முதலில் வந்த கணக்கு. ஹேஷ்டேக் அந்த எண்ணோடே பரவி, அந்த எண்ணோடே நின்றுவிட்டது. காரிஸாவில் இறந்தவர்கள் 148 பேர்.